மனைத்தோட்டத்திற் கீரை வளர்த்தல்

உணவுப் பொருள்களுள் மிக எளியது யாதென வினவின், கீரையென்றே நம் நாட்டார் விடையிறுப்பர். விருந்து வந்தவிடத்து அதனைச் சிறப்புணவாக எண்ணி இடுவார் அரியர். கடைத்தெருவிற் கொள்ளுங்கால் அதன் நலந்தீங்குகளை நெடிது சிந்திப்பாரும் அரியர். இங்ஙனம் எளிமையாற் பெருமை இழந்து நிற்கும் கீரையை, ஒரு சிட்டிகை விதையினின்றும் நம் மனைப்புறத்தே வளர்த்துக்கொள்ளும் முறையினையும், அம்முறையினுள் அமைந்து கிடக்கும் இயற்கை நெறியினையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்குக் கீரை புதியதன்று. புறநானூற்று 159-ஆம் பாட்டிற் பெருஞ்சித்திரனார் தம் இல்லத்து வறுமையைக் குமணனுக்கு எடுத்துரைக்கின்றார். குழந்தைக்குப் பாலூட்டி உடல் மெலிந்த அவர்தம் மனைவியார், குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் மோருமின்றி வெறு நீரிற் புழுக்கி உண்கின்றார். சோற்றையோ மறந்தே போயினார். அத்தளிர்தானும் புதிதாக முளைத்த செடியினதன்று. முன்பே ஒருமுறை கொய்யப்பட்ட கணுவினின்றும் மீளக் கிளைத்தது. அதுவும் முற்றுதற்கு முன்னரே பறிக்கப்பட்டது. சிறுபாணாற்றுப்படையுள் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணர் குடியிலோ, குப்பையில் வளர்ந்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காணிற் பழிப்பரென நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றனர். வேளை வேறினத்துச் செடியாயினும், இரு பாட்டினும் தோன்றும் துயரம் ஒன்றே.

இவ்விரு பகுதிகளையும் பயின்றபொழுது எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கீரை உண்டதுதான் வறுமையா? அன்றி, அதனைத் தேடிக் குப்பைமேட்டிற்குச் செல்லவேண்டியிருந்ததுதான் வறுமையா? ஆராயுங்கால் பின்னதே உண்மையெனத் துணிந்தோம். தானே முளைத்ததைக் கிடைத்தவாறு பறித்துண்பது வறுமை. அதே இனத்துச் செடியைப் பாத்தி பிடித்து, காலமறிந்து விதைத்து, அளவறிந்து கொய்துண்பது வளமை. இரண்டிற்கும் இடையே நிற்பது பெரும்பொருளன்று. மூன்று முழ அகல நிலமும், சிறிது பொறுமையுமே.

எம்மூராகிய ஆர்.கே.பேட்டை, திருத்தணிகை மலைக்கு மேற்கே ஆந்திர நாட்டெல்லைக்கு அணித்தாக உள்ளது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்வரை திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அதன் பின்னரே தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆதலின் இன்றும் எம் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கக் கேட்கலாம். நாம் கீரையென்று பொதுப்படக் கூறும் இச்செடியைத் தெலுங்கர் 'தோட்டகூர' என்பர். தோட்டத்துக் கறி என்பது அதன் பொருள். பெயரே அஃது இருக்கவேண்டிய இடத்தைச் சுட்டுகின்றது. இப்பகுதி நெசவாளர் மிக்கது. காலை முதல் தறியோசை ஒலிக்கும் வீடுகளில், வயலில்லாக் குடும்பங்களே பல. எனினும் வீட்டின் பின்புறத்தே, கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவே, ஒரு பாத்தி அளவு மண் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றது. அதன்கண் விளையத்தக்கவற்றுள் மிக விரைந்து பயன் தருவது கீரையே. வாழை ஓராண்டு காக்கச் சொல்லும். அவரை மூன்று திங்கள் காக்கச் சொல்லும். முளைக்கீரையோ விதைத்த 25 நாள்களுக்குள் அடுப்பேறும்.

தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என நாம் வேறுபடுத்தி வழங்கும் இவையனைத்தும் 'அமராந்தஸ்' என்னும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் இவ்வினத்தனவே. வாடாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது. இவ்வினத்துட் சிலவற்றின் பூங்கொத்துகள் உலர்ந்த பின்னும் நிறம் மாறாதிருத்தலே அதற்குக் காரணம். பேதுரு எழுதிய முதலாம் நிருபத்தில், உண்மை மேய்ப்பர் பெறும் கிரீடத்திற்கு அடைமொழியாய் நிற்பதும் கிரேக்க மூலத்தில் இச்சொல்லின் வழிவந்ததே. குப்பையில் முளைக்கும் செடிக்கும் மகிமையின் முடிக்கும் ஒரு சொல்லே உரியதாயிற்றென்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இச்செடியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இயல்பறியாது செய்யும் தொழில் பயன் தாராது. கீரை வெயிலை விரும்புவது. நெல் முதலிய பெரும்பாலான பயிர்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை முதலில் மூன்று கரியணுக்கள் கொண்ட பொருளாக்குகின்றன; கரும்பு, சோளம், கீரை முதலியனவோ நான்கு கரியணுக்கள் கொண்ட பொருளாக்கி, இலை நரம்பைச் சூழ்ந்த அறைகளிற் செலுத்தி, ஆண்டுச் செறிவித்துப் பயன்கொள்கின்றன. இவ்வழியை 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் அறிஞர் இருவர் கரும்பின்கண் ஆராய்ந்து விளக்கினர். இவ்வமைப்பினால், ஏனைய செடிகள் சோரும் கடுவெயிலிலும் கீரை தளராது வளர்கின்றது. குறைந்த நீரில் மிகுந்த இலையும் தருகின்றது. ஆகவே வேப்பமர நிழலிற் பாத்தி அமைத்துவிட்டுக் கீரை மெலிந்தது எனக் குறைகூறுதல் முறையன்று. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமே அதற்கு வேண்டும்.

நிலத்தை ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டிகளை உடைத்துப் பொடியாக்குக. மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஏழெட்டுக் கிலோகிராம் இட்டுக் கலத்தல் போதும். மக்காத சாணம் இளவேரைக் கெடுக்கும். அதனோடு களைவிதைகளையும் கொணரும். ஒரு மீட்டர் அகலம் என்றது இருபுறத்தும் நின்று கை எட்டுதற்பொருட்டு. பாத்திக்குள் மிதித்தால் மண் இறுகும். எம் பக்கத்தார்க்குச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். சாயம் தோய்த்த கழிவுநீர் ஓடும் இடத்தும், அந்நீர் ஊறிய மண்ணிலும் கீரை விதைக்கலாகாது. மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை இச்செடி எளிதில் உறிஞ்சி இலையிற் சேர்க்கும் இயல்புடையது. வீட்டில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் பாய்ச்சலாம். சோப்பு நீரை விலக்குக.

விதைத்தலே இத்தொழிலில் மிகப் பலர் தவறும் இடம். கீரைவிதை கருநிறத்தது, பளபளப்புடையது, கடுகினும் மிகச் சிறியது; ஒரு கிராம் நிறையில் ஆயிரத்திற்கு மேற்பட்ட விதைகள் அடங்கும். யாம் முதன்முறை விதைத்த காலத்து, அவரைக்கொட்டையை ஊன்றியவாறே விரலால் மண்ணைக் குத்தி, அதன்கண் விதையை இட்டு மூடினோம். பத்து நாள் சென்றும் ஒரு முளையும் தோன்றவில்லை. விதை பழுதென்று கடைக்காரரைக் குறைகூறினோம். எம் ஆயா பாத்தியருகே அமர்ந்து, ஒரு விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்து, "விதை பழுதில்லையப்பா, குழந்தையைக் கிணற்றில் இறக்கிவிட்டு, ஏறி வாவென்றால் எப்படி வரும்?" என்றார்.

அம்மொழியுள் தாவர நூல் முழுதும் அடங்கிற்று. அவரைக்கொட்டையினுள் முளை பல நாள் உண்ணுதற்கு வேண்டிய உணவு உள்ளது. ஆகலின் அஃது ஆழத்தினின்றும் மண்ணைப் பிளந்து மேலெழும். கீரைவிதையினுள் உள்ள உணவோ மிகச் சிறிது. அது தீருமுன் முளை ஒளியைக் கண்டு இலை விரித்தல் வேண்டும். அன்றேல் மண்ணினுள்ளே மடியும். ஆதலால் விதையை அரைச் சென்டிமீட்டருக்கு மேல் மூடலாகாது. சதுர மீட்டருக்கு ஒரு கிராம் விதையே மிகுதி; மேற்கூறிய பாத்திக்கு மூன்று கிராம் போதும். இதனைத் தனியே தூவின் ஓரிடத்துக் குவியும், ஓரிடத்து வெறுமையாம். அதனால் விதையைப் போலப் பத்துப் பங்கு உலர்ந்த மணலோடு கலந்து, அக்கலவையை இரு கூறாக்கி, ஒரு கூற்றைப் பாத்தியின் நீளவாட்டிலும் மற்றொரு கூற்றைக் குறுக்குவாட்டிலும் தூவுக. நெசவில் பாவும் ஊடையும் போல இரு திசையும் செல்லின் எங்கும் ஒப்ப விழும். பின்னர் உள்ளங்கையால் மண்ணை மெல்லத் தடவி, மேலே பொடித்த எருவை மெல்லியதாகத் தூவி விடுக.

நீரைக் குடத்தினின்றும் கொட்டின் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடும். பூவாளியாலேயே தெளித்தல் வேண்டும். முளைக்கும்வரை மேல்மண் உலராதவாறு காலையும் மாலையும் சிறிது தெளிக்க. வைக்கோலை மெல்லியதாகப் பரப்பின் ஈரம் நிற்கும். முளை தோன்றியவுடன் அதனை அகற்றிவிடுக. எறும்புகள் விதையை இழுத்துச் செல்லுமாதலின், பாத்தியின் ஓரத்தே சிறிது அரிசி நொய்யைத் தூவிவைப்பர் முதியோர். எறும்பு நொய்யை நாடும், விதை தப்பும். நான்கு முதல் ஆறு நாள்களுள் செந்நிறமும் பசுநிறமுமாக முளைகள் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளமுளைகள் அடித்துச் செல்லப்படும், வேரும் அழுகும். அக்காலம் ஒழிந்த ஏனைய நாள்களில் ஆண்டு முழுதும் விதைக்கலாம். ஒரு பாத்தியை மூன்றாகப் பகுத்து, பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு பகுதியாக விதைத்து வரின், வீட்டிற்கு என்றும் கீரை இருக்கும்.

முளைத்தபின் செய்யவேண்டுவது கலைத்தல், அஃதாவது நெருங்கிய செடிகளைப் பிடுங்குதல். புதிதாகப் பயிரிடுவார்க்கு இதுவே மனம் ஒவ்வாத செயல். உயிரோடு தளிர்த்து நிற்பதைப் பிடுங்குவதா என அஞ்சி அனைத்தையும் விட்டுவிடுவர். விளைவு யாதெனின், ஒளிக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாம் நூல்போல் நீண்டு வெளிறும். காற்றுப் புகாமையால் அடித்தண்டு அழுகிச் சாயும். கீரையிற் பிடுங்குவதும் வீணன்று என்பதே ஈண்டு மகிழத்தக்கது. 20 முதல் 25 நாள்களில் நெருக்கமானவற்றை வேரோடு பிடுங்கின், அதுவே முளைக்கீரை. எஞ்சியவற்றைத் தண்டுக்கீரைக்காயின் ஒரு சாணுக்கு மேலான இடைவெளியிலும், கொய்து வளர்க்கும் அரைக்கீரைக்காயின் அரைச்சாண் இடைவெளியிலும் நிறுத்துக. தண்டுக்கீரை ஏறத்தாழ 45 நாள் முதல் 60 நாளுக்குள், தண்டு பருத்து நார் ஏறுமுன் அறுத்தற்குரியதாம்.

அரைக்கீரையை அறுகீரை என்றும் வழங்குவர். அதனை வேரோடு பிடுங்குவதில்லை. 25 நாள் முதல் 30 நாளுக்குள், மண்ணுக்கு மேல் நான்கு விரல் விட்டு அறுத்தல் வேண்டும். பின்னர் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் அறுக்கலாம். இதன் காரணம் அறிதற்குரியது. செடியின் நுனிக்குருத்தில் 'ஆக்சின்' என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்கும். அஃது உள்ளளவும் இலைக்கக்கங்களிலுள்ள கண்கள் உறங்கும். செடி ஒரே தண்டாய் மேலோங்கும். நுனியைக் கொய்தவுடன் அத்தடை நீங்க, உறங்கிய கண்கள் விழித்து, ஒன்றிருந்த இடத்தே இரண்டும் மூன்றுமாய்க் கிளைக்கின்றன. பெருஞ்சித்திரனார் இல்லத்துக் குப்பைக்கீரை கொய்த இடத்திலே மீளக் கிளைத்ததும் இந்நெறியானே. அவர் காட்டிய கிளைப்பு வறுமைக்கு அடையாளமாயிற்று. அதே கிளைப்பு நம் பாத்தியில் வளமைக்கு வாயிலாகின்றது. ஆனால் ஓர் எல்லை உண்டு. கண்களையும் சேர்த்து மண்ணோடு மண்ணாக அறுப்பின் மீளத் தளிர்த்தற்கு இடமின்றிச் செடி சாகும். பேராசையால் ஒரு வேளைக்கு மிகுதி கொள்பவர் பத்து வேளைக்கு உரியதை இழப்பர்.

கொய்யாது காலந்தாழ்த்தலும் தவறே. பூங்கொத்துத் தோன்றியபின் செடி தன் உணவையெல்லாம் விதைக்கே செலுத்தும். இலை சிறுத்து, தண்டு நாராகும். நீர் வறண்டாலும், பகற்பொழுது குறுகிய மார்கழி போன்ற காலத்தும் விரைந்து பூப்பதுண்டு. ஒவ்வொரு முறை அறுத்தபின்னும் மக்கிய எருவைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றின் தழைவு குன்றாது.

நோயும் பூச்சியும் சில உள. இலையின் அடிப்புறத்தே வெண்ணிறக் கொப்புளங்கள் தோன்றின் அது வெண்துரு நோய். ஈரமும் நெருக்கமும் அதற்குத் துணை. நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்து, மாலையில் இலை நனைய நீர் தெளித்தலை விடுத்து, வேரில் நீர் பாய்ச்சுக. பச்சைப் புழுக்கள் இலையை நூலாற் பின்னி அதனுள் இருந்து தின்னும். காலையில் அவ்விலைகளைக் கையாற் பறித்தெடுத்தலே மனைத்தோட்டத்திற்குத் தக்கது. சில நாள்களில் உண்ணவிருக்கும் இலைமீது பூச்சிக்கொல்லி தெளித்தல் அறிவுடைமையாகாது. கடையிற் கொள்ளும் கீரையில் இவ்வுறுதி நமக்கு இல்லை. நாமே வளர்ப்பதன் பெரும்பயன்களுள் இஃதொன்று.

முதன்முறை விதை கொள்வோர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ வகைகளையேனும், ஊரிலே வழிவழி வரும் நாட்டு வகையையேனும் கொள்ளலாம். அடுத்தமுறைக்கு விதையை நாமே எடுக்கலாம். நன்கு தழைத்து, காலந்தாழ்த்துப் பூத்த நான்கைந்து செடிகளைக் கொய்யாது விடுக. முதலிற் பூத்ததைத் தேர்ந்தெடுப்பின் விரைவிற் பூக்கும் குணமே வழிவழி வரும். அண்மையில் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் பூக்குமுன் களைந்துவிடுக. அன்றேல் அவற்றின் விதை பாத்தியெங்கும் உதிர்ந்து கலக்கும். கொத்து பழுப்பேறியதும் அறுத்து, துணிமீது நிழலில் உலர்த்தி, கையாற் கசக்கிப் புடைத்து, ஈரமின்றிப் புட்டியில் இட்டு வைக்க. ஒரு செடியே பல்லாயிரம் விதை தரும். ஒரு தெருவிற்குப் பகிர்ந்தாலும் எஞ்சும்.

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு? குன்னூரில் 1918-ஆம் ஆண்டு மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டு உணவுகளை ஆராய்ந்து வந்தது. அவருக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டு, 1937-ஆம் ஆண்டு இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அந்நிலையமே 1958-ஆம் ஆண்டு ஐதராபாத்திற்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அதன் 2017-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி 100 கிராம் பச்சைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 330 மில்லிகிராமும், இரும்புச்சத்து நான்கு மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் மிகுதி. இச்சத்துக் குறையின் குழந்தைகட்கு மாலைக்கண் வரும். இரும்புச்சத்துக் குறையின் மகளிர்க்குச் சோகை வரும். நூலிழை அறுந்த இடத்தை நுனித்து நோக்கிப் பிணைக்கும் நெசவாளர் வீட்டில், கண்ணும் குருதியும் பழுதுறின் வாழ்வே பழுதுறுமன்றோ!

சமைக்கும் முறையும் அறிதல் வேண்டும். கரோட்டின் கொழுப்போடு கூடியே உடலிற் சேர்வது. ஆகலின் கடைசலுக்குச் சிறிது எண்ணெய் தாளித்தல் சுவைக்கு மட்டுமன்று. உண்ணுங்கால் எலுமிச்சை பிழிந்துகொள்ளின் இரும்பு மிகுதியாகச் சேரும். நறுக்கியபின் கழுவாது, கழுவியபின் நறுக்குக. நீண்ட நேரம் வேகவைத்தலையும் ஒழிக்க. கீரையில் ஆக்சாலிக் அமிலமும் உண்டு. சிறுநீரகத்திற் கல் உடையோர் மருத்துவரைக் கேட்டு, வெந்த நீரை வடித்து, அளவோடு உண்க.

நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நம்முள் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை விதையைக் கடிதவுறையில் இட்டுக் கொண்டுசெல்லின், திரும்பி வருமுன் நம் வீட்டார் முளைக்கீரை உண்பதைக் காணலாம். முதன்முறை கலைக்கும்பொழுதே ஒரு வீட்டின் தேவைக்கு மிஞ்சிய கீரை கிடைக்கும். எம் ஆயா அதனைப் பிடிபிடியாகக் கட்டி, வலப்பக்கத்துத் தமிழர் வீட்டிற்கும் இடப்பக்கத்துத் தெலுங்கர் வீட்டிற்கும் கொடுத்தனுப்புவார். வெறுப்போடு உண்ணும் கொழுத்த விருந்தினும் அன்போடு உண்ணும் இலைக்கறி நன்றென்பது சாலொமோன் ஞானியின் துணிபு. அன்று பாணர் குடியிற் கதவடைத்து உண்ட கீரை, இன்று கதவைத் திறந்து அயலார்க்கு ஈயும் கீரையாகுமாயின், அதனினும் வளமை வேறு யாது? ஒரு சிறு விதையினுள் இத்துணையும் அடக்கி வைத்த இறைவன் பெருமை வாழ்க!